வந்தவர்களுக்கு வெற்றிலை

அம்மாவின் வாய் முழுதாகத் திறப்பதில்லை என்பதை முதலில் கவனித்தவள் என் தங்கை. கவனித்தாள் என்பதைவிடக் கிண்டல் செய்தாள் என்பதே சரி. ரொட்டியை அம்மா விரல் நுனியளவு பிய்த்துப் பிய்த்து வாயில் போடுவதைப் பார்த்து, "என்னம்மா, தொரைசானி கணக்கா சாப்பிடுறீங்க" என்றாள். நாங்கள் சிரித்தோம். அம்மாவும் பல் தெரியாமல் சிரித்தாள். கொஞ்ச காலத்துக்கு வீட்டில் அவளுக்குத் தொரைசானி என்றே பேராகிவிட்டது. ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றாள். சம்பல் எரிகிறது என்று ஒதுக்கினாள். வயசானால் காரம் ஒத்துக்கொள்ளாது என்று அவளே ஒரு காரணமும் சொன்னாள். எங்களுக்கு அந்தக் காரணம் வசதியாக இருந்தது, அப்படியே எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் இருப்பது ருவான்வெல்லைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். விடியும்போதே மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓடாது, மழை பெய்தால் வெட்டே கிடையாது. வெறும் வயிற்றோடு மலைச்சரிவில் மரத்துக்கு மரம் ஏறி இறங்குகிறவர்களுக்கு வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் கால் நகராது. பசி தெரியாது, குளிர் தெரியாது. காலில் அட்டை ஏறினால் அந்த எச்சிலைத் துப்பினாலே விழுந்துவிடும். அம்மா தோட்டத்தில் பேர் பதிந்து வேலைக்கு இறங்கிய வயதிலேயே பழகியது. கத்தி, வாளி, இடுப்பில் வெற்றிலைப் பை, இந்த மூன்றும் இல்லாமல் அவள் மலை ஏறி நான் பார்த்ததில்லை.

எனக்குப் பால் வெட்டும் வரவில்லை, படிப்பும் வரவில்லை. ருவான்வெல்லைக் கடைவீதியில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. பார்த்தால் ஒரு ஆள் நிற்கும் இடம்தான். ஆனால் காலையில் வேலைக்குப் போகிற மேசன்மார், லொறிக்காரர்கள், பஸ் டிரைவர்கள், சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்புகிற எங்கள் சனம், எல்லாருக்கும் கையை நீட்டியவுடன் மடித்துக் கொடுத்தாக வேண்டும். வாய் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் ஓடிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்கு மடிக்கும். நான் மடித்தால் சுண்ணாம்பு நாக்கைச் சுடாது என்று ஒரு பேர் எனக்கு உண்டு. நான் மட்டும் தின்பதில்லை. விற்கிறவன் தின்னாத சாமானை எங்களுக்கு விற்கிறாயே என்று டிரைவர்கள் பகிடி பண்ணுவார்கள். வீட்டுச் சாமான், தங்கையின் டியூஷன், மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாட்களின் அடுப்பு, எல்லாம் அந்தப் பெட்டிக்கடையில்தான் ஓடின.

அம்மாவின் கன்னத்துக்குள்ளே ஒரு புண் வந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் வாய் கொப்பளிக்க ஒரு மருந்து கொடுத்தார்கள். அவள் அகத்திக்கீரை அவித்துக் குடித்தாள், தேங்காய்ப்பாலை வாயில் வைத்துக்கொண்டாள். புண் ஆறவில்லை. வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டாள். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குச் சாதாரணம். கால் வலித்தால் மற்றக் காலை ஊன்றி நடப்பதில்லையா, அப்படித்தான் எங்களுக்குப் பட்டது.

பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்றுதான் அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். இளம் டொக்டர், சிங்களப் பெண். அம்மாவை வாயைத் திறக்கச் சொன்னார். அம்மா திறந்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். அவ்வளவுதான் திறக்கும் என்று அம்மா கையால் காட்டினாள். டொக்டர் சின்ன விளக்கை உள்ளே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரை நேர்ஸோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

சுவரில் பெரிய படம் ஒன்று தொங்கியது. வரிசை வரிசையாகத் திறந்த வாய்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, கிழிந்து தொங்கும் கன்னம். மேலே ஒரு வெற்றிலையும் பாக்கும் வரைந்து சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். கீழே மூன்று பாஷையிலும் எழுத்து. நான் தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் வாசித்தேன். டொக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்களும் வெற்றிலை போடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது, அப்படியே இருங்கள் என்றார். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. 

சதையில் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் மகரகமவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. மகரகமவுக்கு எழுதிட்டாங்களாம் என்றால் போதும், கேட்டவர் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டார். நான் பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்கு நடந்து வருவதற்குள் சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது.

அன்றைக்கே சனம் வந்தது. எங்கள் ஆட்கள் துக்கத்துக்கு வருவது போல உயிரோடு இருப்பவரையும் வந்து பார்ப்பார்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை, அது அன்புதான். அம்மா வழக்கம்போல வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தாள். வாசல் ஏறி வந்தவர்களுக்கு முதலில் தட்டு, பிறகுதான் பேச்சு. எங்கள் லயத்தில் ஒரு வீடும் அதற்கு விலக்கில்லை. சண்டைக்கு வந்தவனுக்குக்கூடத் தட்டை வைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவார்கள். வந்தவர்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் அதக்கிக்கொண்டு, "வெத்தலயாலதான் வந்துச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று என்னிடமே கேட்டார்கள். கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. எல்லாரும் போன பிறகு தட்டில் இருந்ததைக் கொண்டுபோய்ச் சாக்கடைக் கானில் கொட்டினேன். தட்டைக் கழுவி அலுமாரிக்கு மேலே, அம்மாவுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். இனிமேல் இந்த வீட்டுக்குள் வெற்றிலை வரக்கூடாது என்று சத்தம் போட்டேன். அப்போது அம்மாவுக்குப் பேச்சு இருந்தது. அவள் தனக்கு வெற்றிலை வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டொக்டர் சொன்ன நிமிஷத்திலேயே விட்டுவிட்டாள், அத்தனை வருஷத்துப் பழக்கத்தை. வேறொன்றைத்தான் கேட்டாள்.

"வாசப்படி ஏறி வந்த சனத்துக்கு ஒரு வெத்தல வைக்கலன்னா அது வீடா தம்பி?"

பிளேன்டீ கொடுங்கள் என்றேன். கொடுத்தாள். ஆனால் ஒவ்வொருவர் கையில் கோப்பையைக் கொடுக்கும்போதும், பையன் வெற்றிலை வேண்டாம் என்கிறான், குறை நினைக்காதீர்கள் என்று குனிந்துகொண்டே சொன்னாள். நோய் வந்ததற்குக்கூட அவள் அப்படிக் கூசியதில்லை.

மறுநாள் காலையில் நான் கடையைத் திறந்தேன். வீட்டில் வெற்றிலை கூடாது என்று சட்டம் போட்டவன், கடைவீதியில் ஈரச்சாக்கை விலக்கி வெற்றிலைக் கட்டை அவிழ்த்தேன். முதல் ஆளுக்கு மடித்துக் கொடுக்கும்போது அவர் வாயைத் திறந்தார், நான் அறியாமலே உள்ளே பார்த்தேன். அதற்குப் பிறகு அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. யார் வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்த்தேன். எவ்வளவு திறக்கிறது, ரொட்டி போகுமா, எந்தப் பக்கம் அதக்குகிறார்.

விட்டுவிட வேண்டும் என்று ஒரு தடவை முடிவெடுத்தேன். வெற்றிலையை நிறுத்திவிட்டு பிஸ்கட், கடலை, போன் கார்டு, லொத்தர் டிக்கெட் என்று அடுக்கினேன். பழைய ஆட்கள் பழக்கத்தில் வந்து கையை நீட்டினார்கள். இல்லை என்றதும் ஏதோ நான் அவர்களை அவமானப்படுத்தியது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது. ஒருவர்கூட நான் நிறுத்தியதால் வெற்றிலையை நிறுத்தவில்லை. வீட்டில் அம்மாவுக்குக் கஞ்சிக்கும், ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்கும் என் கடை மட்டும்தான். அப்பாவை வேலையை விடச் சொல்ல முடியாது, தோட்டத்தில் பேர் இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த காம்பராவில் எந்த முகத்தோடு இருப்பது. தங்கைக்குப் பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சை கிட்டத்தில். லொத்தர் டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வெற்றிலைக் கட்டை இறக்கினேன். ஊராரின் வாய்க்கு மடித்துக் கொடுத்துத்தான் அம்மாவின் வாய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்று ஆகிப்போனது. அன்றைக்கு நல்ல வியாபாரம், எனக்கு அழுகை வந்தது.

ஒப்பரேஷனுக்காக அம்மாவை மகரகமவில் சேர்க்கும் நாளில் அப்பாவும் வந்தார். விடியற்காலை பஸ். அவிசாவளையில் இறங்கி மாறினோம். அப்பா மடியில் பத்திரிகைத்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை வழி நெடுக வைத்திருந்தார். சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

பெரிய டொக்டர் எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். கன்னத்தை வெட்ட வேண்டும், தாடையில் ஒரு பகுதி, நாக்கில் ஒரு பகுதி. தொடையில் சதை எடுத்து அந்த இடத்தை மூடுவார்கள். பேச்சு முன்புபோல வராது. எல்லாம் சிங்களத்தில்தான், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என்னைவிட நல்ல சிங்களம் அவர்களுடையது. டொக்டர் பேசி முடித்ததும் அப்பா எழுந்து நின்றார். பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே வெற்றிலை. ஒரே அளவில் பொறுக்கி அடுக்கி, வாழைநாரால் கட்டியிருந்தது. என் கடை வெற்றிலை என்று பார்த்தவுடன் தெரிந்தது. முதல்நாள் சாயங்காலம் அப்பா கடைப்பக்கம் வந்து சும்மா நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்தி, இடுப்பு வளைந்து, டொக்டருக்கு முன்னால் நீட்டினார். எங்கள் உயிர் உங்கள் கையில், மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னார்.

எங்கள் பகுதியில் பெரிய மனிதரிடம் பெரிய காரியமாகப் போகும்போது வெறும் கையோடு போக மாட்டார்கள். சிங்கள ஆட்களும் அப்படித்தான், தமிழ் ஆட்களும் அப்படித்தான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வெற்றிலை, தோட்டத்துத் தொரையிடம் வேலை கேட்க வெற்றிலை, கல்யாணத்துக்கு அழைக்க வெற்றிலை. தன் பெண்சாதியின் உயிரைக் கேட்கப் போகிறவர் அதைவிடக் குறைவாக எதைக் கொண்டு போவார்? எனக்கு இதெல்லாம் இப்போது விளங்குகிறது. அந்த அறையில் நின்றபோது உடம்பு கூசியது. ஓரத்தில் நின்ற நேர்ஸ் தரையைப் பார்த்தார். அம்மா மட்டும் சாதாரணமாக இருந்தாள். சரியான காரியம் சரியாக நடக்கிறது என்பது போல.

டொக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தலையைக் கொஞ்சம் தாழ்த்திவிட்டு மேசைமேல் வைத்தார். நான் வாங்கிக்கொள்கிறேன் ஐயா, ஆனால் இனிமேல் நீங்கள் இதை வாயில் வைக்கக்கூடாது, வைக்கமாட்டேன் என்று எனக்குச் சொல்லுங்கள் என்றார். அப்பா சொன்னார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கிக்கிட்டாருடா" என்றார். அம்மா குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டது போல அவர் முகம் இருந்தது. 

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்றார்கள். நல்லபடி என்றால் என்ன என்று அம்மாவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. முகத்தின் ஒரு பாதி வேறு யாருடையதோ போலிருந்தது. மூக்கு வழியாக ஒரு குழாய், பாலும் சூப்பும் இனி அதில்தான். பேச முயன்றாள். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. நான் குனிந்து காதைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் எப்படியோ விளங்கியது. தண்ணி கேட்கிறாள், சேலையைச் சரி செய்யச் சொல்கிறாள், கோழியை அடைத்தாயா என்று கேட்கிறாள் என்று அவர் சொல்லச் சொல்ல அம்மா தலையை ஆட்டுவாள். பெற்ற பிள்ளைக்கு விளங்காத பாஷை அவருக்கு விளங்கியதில் எனக்குப் பொறாமைகூட வந்தது.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. அப்பாவோ நானோ பார்வையாளர் நேரத்துக்குப் போய் வரலாம், அவ்வளவுதான். அதனால் தங்கை தங்கினாள். பரீட்சைப் புத்தகங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனாள், அம்மாவின் கட்டிலுக்கடியில் அந்தப் பை கிடந்தது. பிறகு கரண்ட் பிடிக்கத் தொடங்கினார்கள், மெஷினில் கதிர் வைப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மாவின் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன் என்று தங்கை ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். நான் ஆஸ்பத்திரி முற்றத்திலேயே அவளைத் திட்டினேன். உனக்காகத்தானே நாயாக உழைக்கிறேன் என்றெல்லாம் பேசினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அப்ப நீங்க வந்து பொம்பள வார்டுல படுங்க. நான் போயி கடையில வெத்தல மடிக்கிறேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பரீட்சை நாள் வந்தது, போனது. அவள் அன்றைக்கு அம்மாவின் தலையை வாரிப் பின்னிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச காலம் நன்றாக இருந்தது. அம்மா வீட்டுக்கு வந்தாள். குழாயில் பால் ஊற்ற நான் பழகிக்கொண்டேன், உயரமாகப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும், அவசரப்பட்டால் அவளுக்குப் புரையேறும். அம்மா வாசல்வரை வந்து நின்று, அப்பா மலையிலிருந்து ரப்பர்ப் பால் வாளியோடு இறங்குவதைப் பார்ப்பாள். ஒரு நாள் உட்கார்ந்தபடியே தேங்காய் துருவிக் கொடுத்தாள். அன்றைக்கு நாங்கள் எல்லாரும் இரண்டு கரண்டி கூடச் சாப்பிட்டோம். பிறகு கழுத்தில், காதுக்குக் கீழே, பாக்கு அளவில் ஒரு கட்டி வந்தது.

கிளினிக்கில் டொக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். இனி வெட்டுவதற்கு ஒன்றுமில்லை, கரண்ட் பிடிக்கவும் முடியாது என்றார். வலிக்கு மருந்து எழுதியிருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், அவர் மனசுக்குப் பிடித்த மாதிரி வைத்திருங்கள் என்றார். சத்துக்கு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி. அவர் அதற்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார். திரும்பிவரும் வழியில் அம்மா முச்சக்கரவண்டியின் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். பிடிப்பதைத் தவிர எனக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை.

மறுபடி சனம் வரத் தொடங்கியது. அம்மா முன்னறைக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து, முகத்தின் பாதியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, பிளேன்டீயைக் குடித்துவிட்டு, என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்து போனார்கள். வாயில் வெற்றிலை இருந்தால் பேசாமல் இருப்பது பெரிதாகத் தெரியாது. வெறும் வாயோடு எத்தனை நேரம் பேசாமல் உட்காருவது? ஒவ்வொருவர் எழும்போதும் அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அலுமாரிக்கு மேலே பார்த்தாள். எனக்கு விளங்கியது, விளங்காதவன் போல இருந்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு பால் வெட்டிய பெண்கள் எல்லாரும் சேர்ந்து வந்துவிட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பெரியம்மா முன்னால் வந்தார். அம்மாவின் மரங்களுக்கு அடுத்த மரங்கள் அவருடையவை, இத்தனை வருஷமும் இரண்டு பேரும் சேர்ந்தேதான் ஏறி இறங்கினார்கள். அம்மாவுக்குப் பால் ஊற்றும் நேரம். நான் பாலை ஆற்றிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். அம்மா என் கையைத் தள்ளிவிட்டாள். குழாயின் நுனியை மடக்கித் தன் கைக்குள் பொத்திக்கொண்டாள். ஏதோ சொன்னாள்.

"தட்டை எடுத்து வைக்கச் சொல்றா" என்றார் அப்பா.

முதலில் பாலைக் குடியுங்கள் என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் வெளுத்தன, அந்த விரல்களில் அவ்வளவு பலம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றுமில்லை. நான் கெஞ்சினேன், பிறகு அதட்டினேன். பெண்கள் சங்கடப்பட்டு எழுந்தார்கள். "நாங்க என்ன வெத்தலைக்கா வந்தோம்? நீ பாலக் குடி புள்ள" என்றார் பெரியம்மா. அம்மா அவர்களை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அத்தனை ஊசிக்கும் கத்திக்கும் அழாதவள், வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வாயோடு எழுந்ததற்கு அழுதாள்.

அப்பா கோபமாகப் பேசவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"சந்தியில ஊருக்கே மடிச்சுக் குடுக்குற. அவ வீட்டுக்கு வந்த சனத்துக்கு அவ ஒரு வெத்தல வைக்கக் கூடாதா?"

நான் எழுந்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி அலுமாரிக்கு மேலிருந்து தட்டை எடுத்தேன். தூசியாக இருந்தது, துடைத்தேன். கடையில் மிஞ்சியதை முதல்நாள் ஈரத்துணியில் சுற்றிப் பையில் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்தேன். அதை உள்ளே எடுத்து வந்து உட்கார்ந்தேன். நல்ல இலையாகப் பொறுக்கினேன், துடைத்தேன், அடுக்கினேன். பாக்கைச் சீவி வைத்தேன், சுண்ணாம்பை வைத்தேன். தட்டைக் கொண்டுபோய்ப் பாயின் நடுவில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். தட்டை முழுவதும் பார்த்துவிட்டு மறுபடி ஏதோ சொன்னாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "பொகையில எங்கன்னு கேக்குறா" என்றார்.

வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன். எழுந்து போய் அதையும் கொண்டுவந்து வைத்தேன்.

ஒருவரும் கையை நீட்டவில்லை. பெண்கள் தட்டையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அம்மா கையை அசைத்து, எடுங்கள், எடுங்கள் என்றாள். பெரியம்மாதான் முதலில் எடுத்தார். காம்பைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவினார். அழுதுகொண்டே வாயில் போட்டார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். அறையில் வெற்றிலை வாசம் நிறைந்தது. யாரோ இந்த வருஷம் மழை விடாமல் பெய்கிறது, வெட்டே இல்லை என்றார்கள். இன்னொருவர் புதுக் கங்காணியைப் பற்றி ஏதோ சொன்னார், இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இத்தனை மாதமாக இல்லாத ஒரு நிம்மதி இருந்தது. கையை விரித்துக் குழாயை என்னிடம் நீட்டினாள்.

நான் பாலை உயர்த்திப் பிடித்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது. என் அம்மாவைக் கொல்வது எதுவோ அதை அவளுக்கு முன்னாலேயே அவளுடைய சிநேகிதிகள் மென்றுகொண்டிருந்தார்கள். வைத்தது நான். யாருடைய கையையும் பிடித்துத் தடுக்க எனக்குத் தைரியம் இல்லை. பாதிப் பால் இறங்கியபோது தட்டு காலியாகிவிட்டது. அம்மா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

பால் முழுதும் இறங்கும்வரை இருந்துவிட்டு, நான் எழுந்து போய்ப் பையில் மீதியிருந்த வெற்றிலையையும் எடுத்து வந்து அடுக்கினேன்.